பச்சையாய் மினுங்கும் எரிபந்தம்

மாமா ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தார். "நேத்து இது இல்ல மருமகன்."

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம், மாரிப்போக நெல் வேளாண்மை. எட்டு மணியாகியும் பனி காயவில்லை. இலையில் கண் வடிவப் புள்ளி. இரு முனையும் கூர், நடுவில் சாம்பல், ஓரம் மண்ணிறம். எரிபந்தம், நெல்லுக்கு வரும் பூஞ்சண நோய். (தமிழ்நாட்டில் குலைநோய் என்பார்கள்.)

நேற்று இல்லைதான், கண்ணுக்கு. பூஞ்சணம் உள்ளே போய் நாலைந்து நாளாவது இருக்கும்.

அது உள்ளே போவதைப் பார்க்கும் வழிதான் எனக்குப் பிடித்தது. கடற்கரையில் சொறி என்போமே, அந்த ஜெல்லி மீன் வகையொன்றில் பச்சையாய் ஒளிரும் புரதம் உண்டு. 1962இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோமுரா பிரித்தெடுத்தார். 2008இல் அவரோடு சேர்த்து மூவருக்கு நோபல்.

அந்தப் புரதத்தின் மரபணுவைப் பூஞ்சணத்துக்குள் வைத்து, ஆய்வுகூடத்தில் நெல்லிலையில் விடுகிறார்கள். நீல ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்த்தால், இலையைக் கொல்லாமலே கள்ளன் போகும் வழி பச்சையாய்த் தெரியும்.

பூஞ்சணத்தின் வித்தி (அதன் விதை மாதிரி) இலையில் ஒட்டும். முளைக்கும். நுனியில் ஒரு குமிழ் ஊதும். அதற்குள் கார் டயரைப்போல சுமார் 40 மடங்கு அழுத்தம்! ஊசிபோல இலைத்தோலைக் குத்தி இறங்கி, ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்கு.

அதுவரை இலை ஒன்றும் நடவாததுபோல் நிற்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். "அப்ப எங்கட வட்டைக்குள்ள வாறதும் மினுங்குமா?"

மினுங்காது மாமா. அது ஆய்வுகூடத்துக்குள் மட்டும். இங்கே பனியும் கூடின யூரியாவும்தான் நோய்க்குத் தோது.

"சரி, மத்த யூரியா பேக்க அவுக்கல்ல" என்று வரம்பேறிப் போய்விட்டார்.