வரலாம்… வரலாம்… ஹோல்டான்! – செட்டிநாட்டு வேன் டைரி

ஜனவரி 16, 2026, வெள்ளி – கோட்டையூர்

கோயம்புத்தூர்ல காலைல கிளம்பி திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரின்னு வந்து பொழுது சாய்ற நேரத்துக்கு ஊர் சேந்தாச்சு. நத்தம் ரோட்ல எதிர்ல பழனிக்கு நடக்குறவங்க இப்பவே கூட்டம் கூட்டமா, தைப்பூசத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. வண்டி நம்ம டெம்போ டிராவலர் தான், சீட்டெல்லாம் கழட்டி ரெண்டு கட்டில், ஒரு அடுப்படி, மேல சோலார் பேனல், கீழ பேட்டரி இன்வெர்ட்டர்னு இவரு ஆசை ஆசையா பண்ண வேன். பின்னாடி தம்பி அவன் கார்ல ஆத்தாவையும் அவன் மகனையும் கூட்டிட்டு வந்தான்.

இந்த தடவை புதுசு என்னன்னா தம்பி கொண்டு வந்த ரெண்டு சிபி ரேடியோ, பொதுஜனம் பட்டன அமுக்கி பேசிக்கிற வாக்கி டாக்கி மாதிரி, கையில பிடிக்கிற சைஸ். பல வருஷம் டெக்சாஸ்ல இருந்தவன், அங்க லாரிக்காரங்க 19ம் சேனல்ல பேசிக்கிட்டே போவாங்க, 9ம் சேனல் அவசரத்துக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு கதை கதையா சொல்வான். எதுக்குடா இது, கையில போன் இருக்கேன்னு கேட்டேன். எங்க பக்கம் அக்காவ ஆச்சின்னு தான் கூப்பிடுவாங்க. "ஆச்சி, நீ போன எடுத்து, லாக் திறந்து, என் பேர தேடி, ரிங் போயி, நான் எடுக்குறதுக்குள்ள திரும்ப வேண்டிய விலக்கு ரோடு தாண்டிடும்"னான். அது என்னவோ நியாயம் தான்.

லைசென்ஸ் கிய்சென்ஸ் எதுவும் வேணாமான்னு இவரு கேட்டாரு. வேணாமாம், 2005லயே விதி வந்திருச்சு, 26.957 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 27.283 வரைக்கும் யாரு வேணா பேசலாம், 5 வாட்ஸுக்கு மேல போகக்கூடாது, ஆன்டெனா செட்டோடவே இருக்கணும், அடுத்தவன் இடைஞ்சல் பண்ணா புகார் சொல்ல முடியாது, நாமளும் யாருக்கும் இடைஞ்சல் பண்ணக்கூடாது. செட்டுக்கு டைப் அப்ரூவல், அதாவது இந்த மாடல் சரின்னு ஒப்புதல் வேணும், அந்த பேப்பர் வேலையெல்லாம் அவனே பாத்துக்கிட்டான், நான் அதுக்குள்ள தலைய விடல. இதுல ஒரு வேடிக்கை, அமெரிக்க செட்ல 40 சேனல் இருக்கு, 27.405 வரை போகுது. 27ம் சேனல் 27.275ல இருக்கு, அது நம்ம எல்லைக்குள்ள. 28 பாத்தா 27.285, மயிரிழைல வெளிய. அதனால ரெண்டு செட்லயும் "27க்கு மேல போகாதே"ன்னு பேனால எழுதி டேப் ஒட்டி வச்சிருக்கான், கோயில் சுவத்துல "இங்கு துப்பாதீர்"னு எழுதுவாங்கல்ல, அதே எழுத்து அதே அதட்டல்.

நாங்க 14ம் சேனல். செட்டு என் கையில தான், ஓட்டுறவரு கையில கொடுக்குறதே இல்ல. 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல ஓட்டும்போது கையில பிடிச்சு பேசுற கருவி எதுவும் ஆபத்தான ஓட்டுதல் கணக்குல வந்திரும், போன் மட்டும் தான்னு இல்ல.

ஜனவரி 17, சனி – பிள்ளையார்பட்டி போற வழி

இன்னைக்கு தை மூணு, சிராவயல் மஞ்சுவிரட்டு. அது தெரிஞ்சே பிள்ளையார்பட்டிக்கு கிளம்பினோம்னா எங்க தைரியத்த என்னன்னு சொல்ல. குன்றக்குடி தாண்டினதும் ரோடு பூரா வேன், டூவீலர், மாட்டை ஏத்தின குட்டியானை, நடந்து போற ஜனம். தம்பி கார் எங்களுக்கு பின்னாடி நாலு வண்டி தள்ளி இருக்குறப்ப பளிச்சுன்னு கேட்டுச்சு, "ஆச்சி முன்னாடி லெஃப்ட்ல இடம் இருக்கு பாரு"ன்னு அவன் சொல்றதும் இவரு ஓரம் கட்டுறதும் ஒரே மூச்சுல நடந்துச்சு. அப்புறம் ஒரு டிராஃபிக் போலீஸ் கை காட்டி அவன நிப்பாட்டிட்டாரு, நாங்க போய்க்கிட்டே இருந்தோம், ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது, வெறும் "ஸ்ஸ்ஸ்" தான். கூட்டத்துல போனும் ரிங் போகல. ஜன்னல் வழியா தலையும் செட்டும் வெளிய நீட்டி கூப்பிட்டா மட்டும் அரைகுறையா "…யார்பட்டி… பார்க்கிங்…"னு வந்துச்சு, அது போதும், அங்க போய் நின்னோம்.

பிள்ளையாரை கும்பிட்டுட்டு கோயில் வாசல்ல தம்பிகிட்ட சண்டை போட்டேன், பெட்டில நாலஞ்சு மைல்னு போட்டிருக்கானேன்னு. அவன் சொன்ன கணக்கு இது தான். 27 மெகாஹெர்ட்ஸோட அலை 11 மீட்டர் நீளம். அதுல கால்வாசி, அதாவது 2.75 மீட்டர் கம்பி இருந்தா தான் ஆன்டெனா ஒழுங்கா வேலை செய்யும். நம்ம செட்டுல இருக்குறது ஒரு சாண் சொச்சம் ரப்பர் குச்சி, உள்ள கம்பிய சுருள் சுருளா சுத்தி ஒப்பேத்தி வச்சிருக்காங்க, 4 வாட்ஸ்ல பாதிக்கு மேல அந்த சுருள்லயும் நம்ம கையிலயும் தான் போய் சேருது. அதோட நாங்க உக்காந்திருக்கிறது சுத்தியும் தகரம், செட்டியார் வீட்டு இரும்புப் பெட்டகத்துக்குள்ள உக்காந்து ஆள் கூப்பிடுற மாதிரி தான். 11 மீட்டர் அலைக்கு நம்ம ஜன்னலெல்லாம் ஒரு ஓட்டையே இல்லையாம். அமெரிக்காவுல வண்டி கூரை மேல காந்தம் வச்ச நீள ஆன்டெனாவ நிப்பாட்டிருவாங்க, பத்து கிலோமீட்டர் கூட பேசலாம், ஆனா இங்க லைசென்ஸ் இல்லாம பேசணும்னா ஆன்டெனா செட்டோட இருக்கணும்னு விதி, அதனால அது ஆகாது.

446 மெகாஹெர்ட்ஸ்ல சின்ன வாக்கி டாக்கி இருக்கு, அதுக்கும் இப்ப லைசென்ஸ் வேணாம், அந்த அலை முக்கால் மீட்டர் கூட இல்லாததால ஜன்னல் வழியா நல்லா வெளிய வரும், அத வாங்கியிருக்கலாம்னு இவரு முணுமுணுத்தாரு. இவரு சொன்னதுல தப்பில்ல. ஆனா வாங்கினது இது, இதுக்கு என்ன வேலை கொடுக்கலாம்னு தான் பாக்கணும்.

ஜனவரி 18, ஞாயிறு – கோட்டையூர்

வேன் உள்ள காலைல இருந்து ரேடியோல ஒரு "கிர்ர்ர்" சத்தம். இரைச்சல அடக்குற ஸ்கெல்ச் திருகிய ஏத்துனா சத்தம் போகுது, கூடவே தம்பி குரலும் போகுது. இன்வெர்ட்டர்னு நெனச்சு அணைச்சோம், கொஞ்சம் குறைஞ்சுச்சு, போகல. எல்ஈடி லைட்ட அணைச்சோம், ஃபேன அணைச்சோம், ஒண்ணும் இல்ல. மத்தியானம் மேகம் மறைச்சப்ப சத்தம் அடங்குது, வெயில் வந்தா திரும்ப கிளம்புது, அப்பவே எனக்கு பொறி தட்டுச்சு. ஆறு மணிக்கு வெளிச்சம் போனதும் தானா சுத்தமா நின்னுருச்சு. சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்! அது கரண்ட்ட படபடன்னு வெட்டி வெட்டி பேட்டரிக்கு அனுப்புது, நம்ம செட்டு பேசுறது ஏஎம் முறைல, அந்த வெட்டு தான் அதுல சத்தமா வருது. எஃப்எம்மா இருந்தா இவ்வளவு தெரியாதாம். இப்ப ரேடியோ பேசணும்னா பேனல் சுவிட்ச்ச அஞ்சு நிமிஷம் அணைச்சிடறது. சார்ஜர் ஒயர்லயும் செட்ட மாட்டி பேசுறது இல்ல, அது வழியாவும் சத்தம் ஏறுது, பேட்டரில தான்.

ஜனவரி 19, திங்கள் – கானாடுகாத்தான்

இன்னைக்கு தான் இந்த செட்டு எதுக்கு பொறந்துச்சுன்னு தெரிஞ்சுச்சு.

தெரிஞ்சவங்க வீட்டுல ராத்திரி தங்க சொன்னாங்க, வேன நிப்பாட்ட பின்கட்டு பக்கம் இடம். செட்டிநாட்டு வீடு தான் தெரியுமே, முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முன்னாடி தெருவுல தேரே போகலாம், பின்னாடி சந்துல தான் வினை. ஒரு பக்கம் திறந்த சாக்கடை, இன்னொரு பக்கம் கேட்டு ஓரத்துல ஒரு கருங்கல் தூணு, மேல தொங்குற ஈபி ஒயரு, அதுக்கு நடுவுல ஒரு வேப்பங்கிளை நம்ம சோலார் பேனல பாத்து கை நீட்டுது. ரிவர்ஸ்ல தான் போயாகணும். பின் கண்ணாடிய கட்டில் மறைச்சிருக்கு, சைடு மிர்ரர்ல சாக்கடை தெரியும், ஒயர் தெரியாது.

வழக்கமா என்ன நடக்கும்? தெருவுல இருக்குற பெரியவங்க அத்தனை பேரும் வந்து ஆளுக்கு ஒரு திசை காட்டுவாங்க. ஒருத்தர் "வா வா"ங்கும்போது இன்னொருத்தர் "ஏய் நில்லு"ம்பாரு, டின்ன தட்டுவாங்க, இவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், கடைசில வேன்ல ஒரு கோடு விழும். இன்னைக்கு இவரு கண்ணாடிய ஏத்தி விட்டுட்டாரு. டேஷ்போர்டுல செட்டு, வால்யூம் முழுசா, உள்ள ஒரே குரல்.

"வரலாம்… வரலாம்… வரலாம்… ஸ்டியரிங்க ரைட்ல ஒடிங்க அயித்தான்… இன்னும்… போதும், நேர் பண்ணுங்க… வரலாம்… மேல கிளை, மெதுவா… வரலாம்… ஹோல்டான்!"

தம்பி ஒரு விதி வச்சான், அது தான் இதுல முக்கியம். பின்னால நிக்கிறவன் பட்டன அமுக்கிக்கிட்டே விடாம பேசிக்கிட்டு இருப்பான். அவன் குரல் வர்ற வரைக்கும் தான் வண்டி நகரணும், குரல் நின்னா, பேட்டரி போனாலும் சரி, அவன் கால் தடுக்கி விழுந்தாலும் சரி, வண்டி நிக்கணும். ஏன்னா ஒருத்தர் பட்டன அமுக்கிட்டு இருக்கும்போது அவருக்கு நாம பேசுறது கேக்காது, ரெண்டு பேரும் சேந்து அமுக்குனா ரெண்டு பேருக்குமே ஒண்ணும் கேக்காது, "நிப்பாட்டு"ங்கிற சொல்லே காத்துல போயிரும். அதனால சொல்ல நம்பாம மௌனத்த நம்பறது. இவரு பிரேக்ல கால வச்சுக்கிட்டு, அவன் மூச்சு வாங்க நிறுத்துன எடத்துல எல்லாம் நின்னு நின்னு, தூணுக்கு நாலு விரக்கடை தள்ளி வேன உள்ள விட்டாரு. ஒரு கீறல் இல்ல. தூரத்துக்கு உதவாத செட்டு இந்த கடைசி நூறு அடிக்கு எப்படி வேலை செய்யுது பாருங்க. நெட்வொர்க் வேணாம், ரிங் வேணாம், ஒரு நொடி தாமதமும் கிடையாது. போன் கால்ல வர்ற அந்த சின்ன லேட்டுக்குள்ள வேன் ஒரு அடி போயிருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. எதிர் வீட்டு திண்ணைக்கு கீழ ஒரு பையன் பொங்கலுக்கு வாங்குன ரிமோட் கார் ஓட்டிக்கிட்டு இருந்தான். தம்பி "வரலாம்"னு பட்டன அமுக்குன உடனே அந்த கார் யாரும் தொடாமலே விர்ருன்னு ஓடிப்போய் சுவத்துல முட்டுது, பட்டன விட்டா நிக்கிது. பையன் பேய் பிடிச்சிருச்சுன்னு அழ ஆரம்பிச்சுட்டான். அந்த மாதிரி மலிவு பொம்மைல நிறைய இதே 27 மெகாஹெர்ட்ஸ்ல தான் ஓடுது, 27.145 ரொம்ப சாதாரணம், நம்ம 14ம் சேனல் 27.125. சேனல் மாத்தி பாத்தோம், பொம்மைக்கு அந்த அளவுக்கு காது கூர்மை இல்ல, பக்கத்துல 4 வாட்ஸ் வந்தா எந்த சேனலா இருந்தாலும் அதுக்கு ஒண்ணு தான். கடைசில செட்ல 1 வாட் பட்டன போட்டு, பையன நாலு வீடு தள்ளி போய் விளையாட சொன்னோம். போறதுக்கு முன்னாடி அவனே ஒரு தடவ பட்டன அமுக்கி பேய ஓட்டிப் பாக்கணும்னான், சரின்னு கொடுத்தோம், அழுகை போயே போச்சு.

ஜனவரி 20, செவ்வாய் – ஆத்தங்குடி

தரைல பதிக்கிற ஆத்தங்குடி கல்லு செய்யுற பட்டறை பாத்தோம். கண்ணாடி மேல அச்ச வச்சு கலர ஊத்தி, மேல மண்ணும் சிமெண்டும் போட்டு, காஞ்சப்பறம் தண்ணில ஊறப் போடுறாங்க, சுடவே வேணாம். கண்ணாடி வழவழப்பு தான் கல்லுக்கு வருது. ரேடியோ இன்னைக்கு டிராயர்லயே கிடந்துச்சு.

ஜனவரி 21, புதன் – திருமயம்

கோட்டைக்கு போகலாம்னு கிளம்பினதுக்கு தம்பிக்கு வேற காரணம், உயரத்துல இருந்து பேசி பாக்கணுமாம். 1687ல சேதுபதி கட்டுனது, பாறைக்கு மேல பீரங்கி இருக்குற மேடைல அவனும் மகனும் நின்னாங்க, நாங்க வேன்ல புதுக்கோட்டை ரோட்ல போனோம். இப்ப என்ன ஆச்சுன்னா, சமதரைல ஒரு கிலோமீட்டருக்கு முக்குன அதே செட்டு, ரோட்டோரம் நிப்பாட்டி நான் வெளிய இறங்கி நின்னு பேசினா லேனா விளக்குங்கிற ஊர் பக்கம் வர்ற வரைக்கும் அவன் சொல்றது வார்த்தை வார்த்தையா புரிஞ்சுச்சு, வேன் உள்ள ஏறினா பாதி. செட்டு அதே தான், அவன் நின்ன உயரம் தான் வித்தியாசம்.

பதினோரு மணி வாக்குல ஒரு பொட்டல்ல நின்னு கேக்கும்போது தம்பி குரலுக்கு நடுவுல இன்னொரு ஆள், ஏதோ புரியாத பாஷைல, ஏறி இறங்கி வேகமா பேசுறாரு. நான் பக்கத்துல யாரோன்னு சுத்தி பாத்தேன், ஆடு மேய்க்கிறவரு ஒருத்தர் தான் இருந்தாரு. சூரியன்ல கரும்புள்ளி அதிகமா இருக்குற வருஷங்கள்ல, இந்த அலை பகல்ல மேல போய் அயனமண்டலங்கிற காத்து அடுக்குல பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குமாம், 11 வருஷத்துக்கு ஒரு தடவ அந்த ஏத்தம் வருது, இப்ப அதோட கடைசி பக்கத்துல இருக்கோம். ஐயாக்கள் கப்பலேறி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்துல ஒரு கடுதாசிக்கு மாசக்கணக்கா காத்திருந்தாங்கன்னு ஆத்தா சொல்லும். அங்கிருந்து தான் வந்துச்சான்னு தெரியாது, பதில் சொல்ல கூட நான் அமுக்கல, தம்பி தான் மேல இருந்து "ஆச்சி சேனல விட்டு கொடு, யாரோ பேசுறாங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தான்.

ஜனவரி 22, வியாழன் – காரைக்குடி, கோட்டையூர்

காலைல முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைல ஒரு வால்வு ரேடியோ, தேக்குப் பெட்டி, முன்னாடி துணி கிழிஞ்சு. பக்கத்துல ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகம், தபால் முத்திரையோட. பாட்டு கேக்குறதுக்கே போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டிக்கிட்டு இருந்தோம், 80கள்ல தான் அத எடுத்தாங்க. இப்ப பேசுறதுக்கே லைசென்ஸ் வேணாம். இவரு விலை கேட்டாரு, கடைக்காரர் சொன்னத கேட்டுட்டு வேன்ல வந்து உக்காந்துட்டாரு.

நாளைக்கு கோயம்புத்தூர். ஹைவேல ரேடியோ போடப்போறது இல்லன்னு முடிவு, அங்க வேகமும் தூரமும் வேற, நான் போன் ஸ்பீக்கர்லயே தம்பிகிட்ட பேசிக்கிறேன். சந்து, கேட்டு, பார்க்கிங், ஊரணிக்கரை, இந்த மாதிரி எடத்துக்கு மட்டும் செட்டு. அடுத்த தடவை வர்றப்ப அந்த சார்ஜ் கன்ட்ரோலர் ஒயருக்கு சத்தத்த அடக்குற ஃபெரைட் வளையம் மாட்டி பாக்கணும்.

ஆனா ரெண்டு செட்டும் இப்போதைக்கு கிடைக்காது. ஆத்தா முகப்புத் திண்ணைல உக்காந்துக்கிட்டு அத கையில வச்சிருக்கு, இன்னொண்ணு ரெண்டாங்கட்டு தாண்டி அடுப்படில அண்ணமிண்டி, அதான் அண்ணன் பெண்டாட்டி, பக்கத்துல. எந்திரிச்சு அவ்வளவு தூரம் நடக்க முடியலன்னு இத்தனை நாளா கத்திக் கூப்பிட்ட கிழவிக்கு இப்ப 14ம் சேனல் நல்லா பழகிருச்சு. "வெள்ளைப்பணியாரம் நாலு போதும், கார சட்னி தனியா, ஓவர்"னு சொல்லுது. அந்த ஓவர் யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டா பேரன் பக்கம் கை காட்டுது.