முடி வளராமல் இல்லை, உடைகிறது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பத்துமலையில் மொட்டை போடு, அடர்த்தியாக வளரும். போட்டோம். நேர்த்திக்கடன் தீர்ந்தது, மகளுக்கு முடி மட்டும் விரலளவைத் தாண்டவில்லை. பிறந்தபோது இருந்த முடி நன்றாகத்தான் இருந்தது, சில மாதத்தில் அது கொட்டி அப்புறம் வந்ததுதான் இப்படி, பின்னந்தலையில் தொட்டால் சொரசொரவென்று பொரிப்பொரியாக வேறு.

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு தோல் நிபுணரிடம் போனோம். அவர் இரண்டு முடியைக் கத்தரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பாசிமணி கோத்த மாதிரி ஒரு முடிச்சு, ஒரு ஒடுக்கம், மறுபடி முடிச்சு. முடிச்சுதான் சரியான தடிமன், ஒடுங்கிய இடம்தான் கோளாறு, அங்கேதான் படக்கென்று உடைகிறது. பெயர் மோனிலெத்ரிக்ஸ்.

அடுத்து, “சொந்தத்தில் கல்யாணமா?” என்றார். இல்லை என்றதும் என் கணவரைத் திரும்பச் சொல்லிப் பிடரியைப் பார்த்தார். அதே பொரி! மனிதர் வருஷக்கணக்காக ஒட்ட வெட்டிக்கொண்டே இருந்ததால் எனக்கே தெரியாது. முடியில் இரண்டு வகை கெரட்டின் புரதங்கள் ஜோடி சேர்ந்துதான் இழையாகுமாம். அதில் ஒரு வகைக்கான கேஆர்டி81, 83, 86 ஆகிய மரபணுக்கள் 12ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பழுதாகி, அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டிஎஸ்ஜி4 என்ற வேறொரு மரபணுவால் வருவதென்றால் இரண்டு பக்கமிருந்தும் வரவேண்டும், சொந்தத்தைக் கேட்டது அதற்குத்தான்.

மரபணுச் சோதனை செய்யவில்லை, செய்தாலும் வைத்தியம் மாறாது என்றார். முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, சிலருக்கு மினாக்ஸிடில் என்ற முடி வளர்ச்சி மருந்து கொஞ்சம் கேட்கிறது, வயசுக்கு வரும்போது தானாகவே தேறுவதும் உண்டு. அதுவரை இறுக்கிப் பின்னக் கூடாது, சூட்டில் உலர்த்தக் கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸ் சலூன்களில் செய்கிற ‘கெரட்டின் டிரீட்மெண்ட்’ பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள்: அது வெளிப்பூச்சு, இது வேரிலேயே தப்பாகக் கட்டப்படுகிற முடி, காசு வீண்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி என்றால் எண்ணெய் தடவாமல் கூட்டிப்போங்கள், அப்பா அம்மா இரண்டு பேருமே போங்கள்.