செம்பிக்கு ஆறு ஊசி

அயனாவரத்தில் எனக்கு ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு ஷட்டர், அவ்வளவுதான். அதன் வாசற்படியில் நான்கு வருடமாகப் படுத்திருப்பவள் செம்பி. செம்மண் நிறம், இடது காது மட்டும் மடிந்திருக்கும். தெருவுக்கே பொதுவான நாய். ஆனால் மதியச் சோற்றுக்கு என்னிடம்தான் வருவாள்.

போன வருடம் மாசி மாதம், அவள் படுத்து எழுந்த இடத்தில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தேன். பருவத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். பத்து நாள், பதினைந்து நாள் போனால் நின்றுவிடும். மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. படியை நக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் வந்தால் ஒரு வாடை அடித்தது.

பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவளுடைய வாலைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தெரு நாய் என்பதால் தொடத் தயங்கினார்களோ என்னவோ. "இன்ஃபெக்‌ஷன்" என்று சொல்லிப் பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்று மறுபடி போனபோது இன்னொரு பத்து நாளுக்குக் கொடுத்தார்கள். அந்த இருபது நாளை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. கையுறை போட்டு ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியில் நானே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கும்போது, உள்ளேயிருந்து காலிஃப்ளவர் போலச் சிவப்பாக ஒரு சதை பிதுங்கி வந்தது. துணி பட்டதும் ரத்தம் கசிந்தது. கை நடுங்கிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல வேப்பேரிக்குப் போயிடலாம்மா. வேற எங்கயும் அலையாத" என்றார்.

சென்னையில் வேப்பேரி என்றாலே மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கும் இடம்தான். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. சிக்கல் அங்கே போவதில் இல்லை, தெரு நாயை ஆட்டோவில் ஏற்றுவதில்தான். செம்பி வாயைக் கட்ட விடமாட்டாள் என்று நினைத்தேன். கடையில் கிடந்த பாவாடை நாடாவை இரண்டு மீட்டர் வெட்டி எடுத்தேன். மூக்குக்கு மேல் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு சுற்று, அப்புறம் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு இழுப்பு முடிச்சு. தினமும் கையால் சோறு போட்டு வளர்த்ததால் முனகினாளே தவிரக் கடிக்கவில்லை. நாடா மூச்சை அடைக்காமல் இருக்கிறதா என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். புரசைவாக்கம், டவுட்டன் தாண்டி உள்ளே நுழைந்தபோது வரிசை ஏற்கெனவே நீண்டிருந்தது. லேப்ரடார்கள், ஒரு ஆடு, கூண்டில் ஒரு கிளி. எல்லாருடைய முகத்திலும் ஒரே கவலை.

உள்ளே டாக்டர் கையுறை போட்டுப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்.

"டி.வி.டி. (TVT) மாதிரி இருக்கும்மா, நாய்களோட பிறப்புறுப்புல வர்ற ஒரு கட்டி. ஸ்மியர் பார்த்துட்டு உறுதியா சொல்றேன்."

ஒரு கண்ணாடித் துண்டைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு முதுகலை மாணவர் என்னையும் பார்க்கச் சொன்னார். நீல நிறத்தில் உருண்டை உருண்டையான செல்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே, பாசிமணி கோத்தது போல வெள்ளைக் குமிழிகள். இந்தக் குமிழிகள்தான் இந்த நோயின் அடையாளமாம்.

"கேன்சரா டாக்டர்?"

"ஆமாம்மா. ஆனா பயப்படாதீங்க. ஊசிக்கு ரொம்ப நல்லாக் கேக்கிற கேன்சர் இது. வாரம் ஒரு ஊசி. நடுவுல நிறுத்தாம வரணும், அதுதான் முக்கியம்."

"எப்படி சார் வந்தது?" என்று மாணவரிடம் கேட்டேன். இன்னொரு நாயிடமிருந்து தொற்றியிருக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் சித்திக்கு மார்பகப் புற்று வந்தபோது, எங்கள் ஊரில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். கேன்சர் ஒட்டாது, ஒட்டாது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மா ஓய்ந்துபோனார். இங்கே ஒருவர் ஒட்டும் என்கிறார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். மனிதர்களுக்கு வரும் புற்று அடுத்தவருக்கு ஒட்டாது. இந்த நாய்ப் புற்றும் நமக்கு ஒட்டாது. ஆனால் நாய்க்கு நாய் ஒட்டும். கிருமியோ வைரஸோ காரணம் இல்லை, புற்றுச் செல்லே நேராக இடம் மாறுகிறது. இணைசேரும்போதோ, நக்கும்போதோ, முகரும்போதோ, ஒரு நாயின் கட்டியிலிருந்து உதிரும் செல் அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி அங்கேயே வளர ஆரம்பிக்கும். அதனால் செம்பியின் கட்டியைச் சோதித்தால் அது செம்பியின் சொந்தச் சதையாகவே இருக்காது. நாயின் செல்லில் 78 குரோமோசோம் இருக்கும், இந்தக் கட்டியின் செல்லில் அறுபதை ஒட்டித்தான் இருக்கும். உலகத்தில் எந்த நாட்டு நாயிடம் இந்தக் கட்டி இருந்தாலும், எல்லாம் பல்லாயிரம் வருடங்களுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஏதோ ஒரே நாயின் உடம்பில் தொடங்கியது. 2019-இல் கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசன் குழுவினர் பல நாடுகளிலிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அது தொடங்கி நாலாயிரம் முதல் எட்டாயிரத்து ஐந்நூறு வருடங்கள் ஆகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த முதல் நாய் செத்து மண்ணாகிவிட்டது. அதன் செல் மட்டும் நாய் விட்டு நாய் தாவி, அயனாவரத்தில் என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தைவிட வியப்புதான் அதிகம்.

1876-இலேயே ரஷ்யாவில் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர், இந்தக் கட்டியின் துண்டை ஒரு நாயிடமிருந்து எடுத்து இன்னொன்றின் உடம்பில் வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார் என்றும் அந்த மாணவர் சொன்னார். ஒரு உயிரின் புற்றை இன்னொன்றில் வளர்த்து ஆராய்வது அங்கிருந்துதான் தொடங்கியதாம். தெரு நாயின் நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

சரி, ஊசிக்கு வருகிறேன். மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். செம்பியின் எடை 16 கிலோ. எடைக்குக் கணக்குப் போட்டு அவளுக்கு வந்த அளவு 0.4 மில்லிகிராம், அதாவது அரை மில்லிகூட இல்லை. தண்ணீர் போல நிறமில்லாத மருந்து. இத்தனூண்டு மருந்தா அந்தக் கட்டியைக் கரைக்கப் போகிறது என்று தோன்றியது. ஆனால் அதைப் போடுவதில் அவர்கள் காட்டிய கவனத்தைப் பார்த்ததும் அதன் வீரியம் புரிந்தது. முன்னங்கால் நரம்பில் ஊசிக்குழாயை ஏற்றி, முதலில் சலைன் விட்டு, நரம்புக்குள்தான் போகிறதா என்று பார்த்தார்கள். பிறகு மருந்து, பிறகு மறுபடி சலைன். நரம்புக்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகிவிடுமாம். அந்த ஐந்து நிமிஷமும் செம்பியின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது நான்தான். எத்தனையோ ரவிக்கைக்கு அளவெடுத்த கை, அன்றைக்குப் போல என்றைக்கும் கவனமாக இருந்ததில்லை.

இந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணியிலிருந்து. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே அதைச் சுடுகாட்டு மல்லி என்போம். வீட்டு முற்றத்தில் முளைத்தால் பாட்டி பிடுங்கி எறிவார். மாடு வாய் வைக்காத செடி. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் அதைப் பயிரிட்டு, இலையும் வேரும் காயவைத்து விற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. அந்த இலையில் மிக மிகக் கொஞ்சமாக இருக்கும் சரக்குதான் இது. பெருகுவதற்காக இரண்டாகப் பிரியப் போகும் செல்லைப் பிரியவிடாமல் நடுவழியில் நிறுத்திவிடும். 1960-களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் இதுதான் மருந்து. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பெருகும் செல்லைத் தடுக்கிற மருந்து என்பதால், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களையும் அது அடிக்கும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டு. முதல் ஊசி முடிந்து வந்ததும் அடுத்த நாள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தயிர்சாதத்தை நன்றாகக் குழைத்துக் கொடுத்தேன், மூன்றாம் நாள் வழக்கம்போலச் சாப்பிட்டாள். ஊசி போட்ட சில நாட்களுக்கு மருந்து மூத்திரத்திலும் மலத்திலும் வெளியேறும். கையுறை இல்லாமல் கழுவக் கூடாது, கர்ப்பிணிகள் கிட்டேயே வரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்போது கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். அதனால் ஊசி போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் செம்பியை எங்கள் மாடிப்படி அடியில் கட்டிவைத்தேன். தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ஒரே வாரத்தில் சொட்டுவது பாதியாகக் குறைந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு கட்டி சுருங்கியது கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாவது வாரம்தான் சோதனை. ரத்தத்தில் வெள்ளை அணு 3,400. நாலாயிரத்துக்குக் கீழே இருந்தால் போடமாட்டோம், ஒரு வாரம் பொறுங்கள் என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அழுதுவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் கட்டி மறுபடி வளர்ந்துவிடும் என்று பயம். முட்டையும் வேகவைத்த ஈரலும் கொடுத்தேன். அது உதவியதா, உடம்பு தானாகத் தேறியதா தெரியாது. அடுத்த திங்கட்கிழமை எண்ணிக்கை ஏறியிருந்தது, கட்டியும் வளரவில்லை.

நான்காவது ஊசிக்குப் பிறகு ரத்தம் சுத்தமாக நின்றது. வாடையும் போய்விட்டது. தெருவில் எல்லாரும் "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டுப் போற?" என்று கேட்டார்கள். எனக்கும் திங்கட்கிழமை காலை வருமானம் போவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தம் நின்றதோடு நிறுத்துகிறவர்கள்தான் சில மாதங்களில் மறுபடி வருகிறார்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். உள்ளே கடுகளவு மிச்சமிருந்தாலும் போதும். ஐந்தாவது ஊசியன்று பார்த்தபோது உண்மையிலேயே ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. வெளியிலிருந்து எனக்குத் தெரியவே இல்லை, அவருடைய விரலுக்குத்தான் அகப்பட்டது. ஆறாவது ஊசியோடு அதுவும் போனது. மொத்தம் ஏழு வாரம். முடி கொட்டும் என்று பயந்தேன், மீசை முடி நாலைந்து உதிர்ந்ததோடு சரி.

அணுக்கள் பழைய நிலைக்கு வந்ததும் மாநகராட்சி மையத்தில் கருத்தடையும் செய்தாயிற்று. வலது காதில் அடையாளத்துக்குச் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். இடது காது மடிந்தது, வலது காது வெட்டுப்பட்டது. மறுபடி படியில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களின் செருப்பை முகர்ந்து பார்க்கிறாள்.

ஆனால் அவளுக்கு எங்கிருந்து தொற்றியது என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. போன வாரம் பின் தெருவில் பால் வாங்கப் போனபோது, வெள்ளையில் பழுப்புத் திட்டுப் போட்ட ஒரு ஆண் நாய் சுவரோரமாக உட்கார்ந்து தன்னை நக்கிக்கொண்டே இருந்தது. எழுந்து போன இடத்தில் இரண்டு சிவப்புச் சொட்டு. இப்போது தினமும் பால் வாங்கப் போகும்போது பிஸ்கட் கொண்டுபோகிறேன். நேற்றுத்தான் முதல் தடவையாகத் தலையைத் தொடவிட்டது. நாடா வெட்டி வைத்திருக்கிறேன். ஆட்டோ அண்ணனிடம் அடுத்த திங்கட்கிழமை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.