வாடகை சைக்கிள் கணக்கு

10 மே 2024, வெள்ளி

இன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். காலை ஒன்பதரைக்கு வெளியிட்டார்கள். நான் டிபனை முடிப்பதற்குள் கீழ்வீட்டுப் பெண்ணின் மார்க் அபார்ட்மெண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது.

1988இல் எங்களுக்கு மாலைப் பேப்பர்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கட்டு வந்து விழும்போதே கூட்டம் பிரித்துவிடும். பேப்பரில் பெயரும் இருக்காது, மார்க்கும் இருக்காது. நம்பர் மட்டும், பொடிப் பொடியாக, வரிசை வரிசையாக. நம் நம்பர் இருந்தால் பாஸ். அதற்கு முந்தின நம்பரும் பிந்தின நம்பரும் இருந்து நடுவில் நம்முடையது இல்லையென்றால் கதை முடிந்தது. எங்கள் கோலி (ஹாக்கியில் கோல் போஸ்ட்டில் நிற்பவன், அதனால் கோலி) தன் நம்பரைப் பார்த்த பிறகும் நம்பாமல் வேறொரு பேப்பர் வாங்கிப் பார்த்தான். அதிலும் இருந்தது. இரண்டு பேப்பர் காசு போச்சே என்று அவன் அப்பா திட்டினார்.

ரிசல்ட் நாள் என்பதாலோ என்னவோ, எங்கள் 88 பேட்ச் வாட்ஸ்அப் குழுவும் இன்று சூடாக இருந்தது. 26ஆம் தேதி ஊரில் கூடுகிறோம். ஆளுக்கு 1500 ரூபாய். சோடாபுட்டிதான் பொருளாளர். அன்றைக்கே மூக்குக்கண்ணாடி போட்டவன், இன்றைக்கு ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறான். பொதுத்தேர்வு எழுதியவர்கள் பட்டியலைப் பள்ளியிலிருந்து வாங்கிக் குழுவில் போட்டிருக்கிறான்.

அதில் எங்கள் செட்டு லேபிளின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. அவன் பரீட்சை எழுதவில்லை.

கோலி கேட்டான்: "லேபிள் எங்கலே?"
சோடா: "பட்டியல்படி போவோம். ஒருத்தருக்கு விதியைத் தளர்த்தினா எட்டாவதுலயே நின்னவனெல்லாம் கேப்பான்."
அதற்கப்புறம் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மைகளாகப் போட்டார்கள்.

13 மே, திங்கள்

லேபிளுக்கு அந்தப் பேர் வந்த கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ். விடிவதற்கு முன்னாலேயே ஆபீஸ் பஸ்கள் சுற்றுப்பட்டிகளுக்குப் போய்ப் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தில் (மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைப் பிடித்துவைக்கிற மரச்சட்டம்) கட்டை அடுக்குவது, பெட்டிக்குள் குச்சி அடைப்பது எல்லாம் அங்கே நடக்கும். பெட்டி ஒட்டும் வேலை வீடு வீடாக வரும். லேபிள் வீட்டில் அம்மா, இரண்டு அக்கா, அவன், நாலு பேரும் ஒட்டுவார்கள். மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். அவன் விரல் நுனிகளில் அந்த நீலம் எப்போதும் இருக்கும். சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனால் வாசல் முழுக்கப் பெட்டிகளைக் காயப் போட்டிருப்பார்கள், தாண்டித் தாண்டித்தான் உள்ளே போகணும்.

கிழிந்தது, கோணலாக அச்சானது என்று ஒதுக்கிய லேபிள்கள் அவனுக்குச் சொந்தம். எங்களுக்கு அது நோட்டுக்கட்டு. வட்டம் போட்டு நடுவில் படங்களை அடுக்கிவைத்து, தூரத்துக் கோட்டிலிருந்து சில்லாக்கை (தட்டைக் கல்) எறிய வேண்டும். வட்டத்துக்கு வெளியே போனது எறிந்தவனுக்கு. எல்லாக் கடையிலும் கிடைக்கிற படத்துக்கு மதிப்பு 10. வடக்கே ஏற்றுமதியாகிற, ஊருக்குள் கிடைக்காத படத்துக்கு 500, 1000. இந்த விலையையெல்லாம் நிர்ணயித்தது யார்? லேபிள்தான். இன்றைக்கு 100க்கு விற்ற படத்தை நாளைக்கு 20 என்பான். காரணம் கேட்டால் "சரக்கு நெறைய வந்துட்டு" என்பான். பொருளாதாரப் பாடத்தில் தேவையும் அளிப்பும் வந்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஹாக்கி மட்டை வாங்க வழியில்லாத காலம். கருவேலங்கிளையில் நுனி வளைந்ததாகப் பார்த்து வெட்டிச் செதுக்கித் தருவதும் அவன்தான். எங்கள் ஊரில் கிரிக்கெட்டுக்குச் சமமாக ஹாக்கி ஆடுவார்கள், வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பையன், கார்த்தி அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி எடுத்தவர். இதையெல்லாம் யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

18 மே, சனி

இரவு கோலி போனில் பிடித்துக்கொண்டான். பேச்சு வழக்கம்போலக் கழுகுமலையில் போய் நின்றது. எந்த இரண்டு பேர் சந்தித்தாலும் எங்கள் செட்டில் இந்தக் கதை வந்துவிடும். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். எனக்குத் தெரிந்தபடி இது.

1987 டிசம்பர். அரையாண்டு முடிந்து லீவு விட்டாச்சு. கழுகுமலைக்குச் சைக்கிளில் போவதாகத் திட்டம், இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆறு பேர், மூன்று வாடகை சைக்கிள். கடைக்காரர் பையன்களை நம்பி வெளியூருக்குக் கொடுக்க மாட்டார். லேபிளின் அப்பாவை அவருக்குத் தெரியும் என்பதால் நோட்டில் அவன் பெயரை எழுதி, மட்கார்டு நம்பரையும் குறித்துக்கொண்டு 23ஆம் தேதி ராத்திரியே கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு சைக்கிளுக்கு 5 ரூபாய். டபுள்ஸ் அடிக்கக் கூடாதென்று கேரியரைக் கழற்றி வைத்திருந்தார். நாங்கள் பாரில் உட்கார்ந்து போனோம். பாதி வழியில் இறங்கினால் கால் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது.

விடியுமுன் கிளம்பியதால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மலைமேல் ஏறி வெட்டுவான் கோவிலைப் பார்த்தோம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, விமானம் முழுசாக முடிந்த பிறகு அடிப்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். "கூலி குடுத்திருக்க மாட்டாங்க, போட்டுட்டுப் போயிட்டான்" என்றான் லேபிள். தொல்லியல் அறிஞர்கள் என்ன சொல்கிறார்களோ, எனக்கு இன்றுவரை அதுதான் சரியான காரணமாகப் படுகிறது. சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றோம், கடலைமிட்டாயைக் கடித்தோம், கத்திப் பாட்டுப் பாடினோம்.

கீழே இறங்கினால் ஒரு கடை இல்லை. டீக்கடை பெஞ்சைக்கூடத் தூக்கி உள்ளே போட்டிருந்தார்கள். ரோட்டில் கட்டபொம்மன் பஸ் (எங்கள் பக்கத்து அரசு பஸ்ஸுக்கு அப்போது அந்தப் பேர்) ஒன்றும் காணோம். எங்களுக்குக் கொண்டாட்டம், காலி ரோடு! மணியை அடித்துக்கொண்டு ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு வந்தோம். முதலில் வந்த ஊரிலேயே பத்துப் பேர் மறித்துவிட்டார்கள். நடுத்தெருவில் ஒரு படத்துக்கு மாலை போட்டு வைத்து, பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

"எழவு விழுந்து கெடக்கு, மணி அடிச்சிட்டா போறிய?"

எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார். எங்களில் ஒருவன் "எப்ப?" என்று கேட்டான். அதற்குத்தான் முதல் அறை விழுந்தது. லேபிள் மட்டும் சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். நடிப்பா என்று அப்போது சந்தேகம். நடிப்பில்லை. அவன் அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர், வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்தான். ஒரு கிழவி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவன் தயவில் எங்களையும் விட்டார்கள்.

மேலே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், போகாதீர்கள் என்று காட்டுப்பாதையில் திருப்பிவிட்டார்கள். மார்கழி, முந்தின நாள் மழை. கரிசல் மண்ணில் ஈரத்தோடு சைக்கிள் தள்ளியவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் மண் டயரோடு அப்பி மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டிவிட்டு நாலு அடி தள்ளினால் மறுபடி அடைக்கும். செருப்பு ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஊருக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது.

19 மே, ஞாயிறு

நேற்றுக் கதை பாதியில் நின்றுவிட்டது. உண்மையான சங்கதி அதற்கப்புறம்தான்.

சைக்கிளைக் கொடுக்கப் போனால் கடை பூட்டு. 25ஆம் தேதி மெரினாவில் அடக்கம், ஊரே ரேடியோவுக்கு முன்னால். கடைக்காரர் தீவிர ரசிகர், மொட்டை போட்டுக்கொண்டார் என்றும் மெட்ராசுக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். 28ஆம் தேதி திங்கட்கிழமைதான் திறந்தார். அதுவரை மூன்று சைக்கிளும் லேபிள் வீட்டு முடுக்கில் நின்றன. சும்மா நிற்கவில்லை. தெருப் பொடியன்களுக்கு ஒரு சுற்று 10 பைசா என்று அவன் உள்வாடகைக்கு விட்டிருந்தான்! அந்த நாலைந்து நாளில் அந்தத் தெருவே குரங்குப் பெடல் கற்றுக்கொண்டது. ஒரு மணி காணாமல் போயிற்று, ஒரு ஹேண்டில்பார் கோணியது. முன் சக்கரத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நிமிர்த்தியதில் அது மறுபக்கம் கோணியது.

கடைக்காரர் 23 ராத்திரியிலிருந்து 28 காலை வரை கணக்குப் போட்டு, மணிக்கும் சேர்த்து 80 ரூபாய் என்றார். "நீங்கதானே அண்ணாச்சி கடைய பூட்டிட்டுப் போயிட்டிய" என்று கோலி கேட்டதற்கு, "தலைவர் செத்ததுக்கு நான் வாடகைய விடணுமால?" என்றார். கடைசியில் 50 ரூபாய்க்கு இறங்கினார். எங்கள் எல்லோர் பையிலும் சேர்த்து 15 ரூபாய். லேபிளின் உள்வாடகை வசூல் 4 ரூபாய் சொச்சம். மிச்சத்தை நோட்டில் பேர் உள்ளவன் தர வேண்டியதாயிற்று. வீட்டில் சொன்னால் தோலை உரிப்பார்கள் என்று மற்ற ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. லேபிள் அம்மா ஆபீசில் முன்பணம் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் சட்டம் தூக்கப் போகிறான் என்றார்கள். மார்ச்சில் நாங்கள் பரீட்சை எழுதினோம்.

கழுகுமலைக் கதையை யார் சொன்னாலும் குரங்குப் பெடலோடு சிரித்து முடித்துவிடுவார்கள். ஜனவரிக்கு ஒருத்தரும் வருவதில்லை.

22 மே, புதன்

கோலி யாரையும் கேட்காமல் லேபிளின் நம்பரைக் குழுவில் சேர்த்துவிட்டான். சோடா ஒரு மணி நேரம் மௌனம். லேபிள் வந்ததும் முதல் வேலையாக 1500 ரூபாயை ஜிபேயில் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் போட்டான். இன்னும் பாதிப் பேர் கட்டவில்லை. விதி பேச்சு அத்தோடு அடங்கியது.

27 மே, திங்கள்

ரயிலில் திரும்பும்போது எழுதுகிறேன்.

கூடல் நன்றாகத்தான் நடந்தது. பொன்னாடை, கேடயம், மைக் டெஸ்டிங், சாப்பாட்டில் பாயசம் தீர்ந்துபோனது, எல்லாம் உண்டு. வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்தினால் போதும், ஆளுக்கு ஒன்று போர்த்தி அவரைப் புழுக்கத்தில் உட்கார வைப்பது என்ன மரியாதையோ தெரியவில்லை. எங்கள் தமிழ் சாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே கெணத்துக்குள்ள விழுந்தவன்" என்றார். விழுந்தது சோடா. திருத்தவில்லை, சோடாவுக்கு நிம்மதி.

லேபிள் வந்திருந்தான். மீசை முழுக்க நரைத்து, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறான். தொழில் எப்படி என்று கேட்டால் போதும், பொரிந்து தள்ளுகிறான். ஒரு ரூபாய்ப் பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனதாம், அதற்கு முன்னால் ஏறியது 2007இல். "பதினாலு வருசம் ஒரே வெலைக்கு வித்த சாமான் வேற ஒண்ணு சொல்லு பாப்போம்." சிகரெட் லைட்டர் வந்து குடியைக் கெடுத்ததையும், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023இல் தடுத்ததையும், அப்படியும் கடைகளில் கிடைப்பதையும் விடாமல் சொன்னான்.

சாயங்காலம் நானும் கோலியும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி "வாங்க அண்ணாச்சி" என்று காப்பியும் கருப்பட்டி மிட்டாயும் வைத்தார். கோலி கேட்டேவிட்டான்: "ஏலே, அந்தச் சைக்கிள் வாடகைனாலதான் நீ படிப்ப விட்டியா?"

லேபிள் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது.

"முப்பத்தஞ்சு வருசமா இதத்தான் நெனச்சிட்டு இருந்தியளா? எங்கப்பா வாங்கி வச்சிருந்த கடன்ல அது சுண்டக்கா. பெரியக்கா கல்யாணம் தை மாசம் வச்சிருந்தாக. அரையாண்டுக்கு முன்னாடியே ஆபீஸ்ல பேசி முடிச்சாச்சு. கடைசியா ஒரு தடவ ஊரு சுத்திட்டு வருவோம்னுதான் சைக்கிளே எடுத்தேன்."

கழுகுமலைத் திட்டமே அவன் போட்டதுதான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கோலி "அப்போ அம்பது ரூபா?" என்றான்.

"அது அம்மா கடன். அதுல எம்பங்கு போக உங்க அஞ்சு பேரு பாக்கி தனியா இருக்கு" என்று உள்ளே திரும்பி, "இந்தா, அந்தக் கால்குலேட்டர எடு" என்று மனைவியிடம் சொன்னான். வட்டி எத்தனை சதவீதம் என்பதில் மட்டும் அரை மணி நேரம் சண்டை நடந்தது.

2 ஜூன், ஞாயிறு

சோடா வரவு செலவு போட்டிருக்கிறான். வரவில் 3,200 மிச்சம். பள்ளிக்கு ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று கோலி. மட்டையின் விலை தெரியுமா, இதில் எத்தனை வரும் என்று சோடா. கருவேலங்கிளையில் செதுக்கித் தரட்டுமா என்று லேபிள்.

பிறகு பேச்சு டிசம்பருக்குத் தாவியது. மறுபடி கழுகுமலை, சைக்கிளில்தான் போக வேண்டும் என்று நாலு பேர். முழங்கால் தாங்காது, வேன் பிடிப்போம் என்று ஆறு பேர். நோட்டில் இந்தத் தடவை யார் பெயர் என்று ஒருவன் கேட்க, சோடாவின் பெயர் ஏகமனதாக வந்தது. அவன் இன்னும் பதில் போடவில்லை.

டிசம்பர் 24 செவ்வாய்க்கிழமை வருகிறது. மறுநாள் கிறிஸ்துமஸ். ஒரு நாள் லீவு போட்டால் போதும். நாளைக்கே ஆபீசில் சொல்லி வைக்கணும்.