இலை, நீலத்தாள், ஆட்டம்: வீட்டுப்பள்ளி நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

கணக்கும் மொழியும் காலையிலேயே முடிந்துவிட்டன. ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லித் தருவதை, பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் என் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்ல அவ்வளவு நேரம் எதற்கு? சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வற்புறுத்தியவர் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923). மதியத்தை வெளியில் கழிக்கட்டும் என்றும் சொன்னார். பாடத்தைச் சுருக்குவது எளிது. மீதி நாள்தான் பெரும்பாடு. இன்னும் ஒரு கட்டு பயிற்சித்தாள் அச்சிட்டுக் கொடுத்தால் நிரம்பிவிடும்தான். எனக்கு அதில் விருப்பமில்லை.

இந்த மாத ஏற்பாடு: புதன்கிழமை மரம், சனிக்கிழமை ஆட்டம், இடையில் வாய்க்கிற நாளில் கைவேலை.

ஜூன் 4, புதன்

மாதம் முழுவதும் ஒரே மரத்தைத்தான் பார்க்கப்போகிறோம். பத்து மரத்தின் பெயரை ஒப்பிப்பதைவிட ஒரு மரத்தோடு பழகுவது மேல் என்பது என் கட்சி. பெரியவள் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு "முடிஞ்சுது" என்றாள். வரையச் சொன்னேன். பென்சிலை எடுத்ததும் கேள்வி வந்தது: இலைகள் காம்பில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? எடுத்த படத்தில் அது தெரியவில்லை. எழுந்து கிளையருகே போனாள்.

சின்னவன் வரையவே இல்லை. பட்டையில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசையின் குறுக்கே ஈர விரலால் தேய்த்துவிட்டான். வந்த எறும்புகள் அந்த இடத்தில் நின்று இடமும் வலமும் துழாவின. சற்று நேரத்தில் ஒன்றிரண்டு தாண்ட, வரிசை மறுபடி கூடியது.

"வழியை அழிச்சுட்டேனா?"

"வழி எங்கடா இருந்துச்சு?" என்று பெரியவள் குனிந்து பட்டையை முகர்ந்தாள்.

எறும்புகள் விட்டுச்செல்லும் வேதித்தடத்தைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தேன். முன்பே சொல்லியிருந்தால் முகர்ந்திருக்க மாட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

நல்ல வெயில். சூரிய ஒளியில் அச்சாகும் நீலத்தாளை வெளியே எடுத்தோம். இந்த முறையை 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். வரைவதற்குக் கடினமான மெல்லிய இழைகளைச் செடியையே வைத்துப் பதித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தாளில் பூசியிருப்பது இரும்பு உப்புகள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடம் நீலமாக மாறும். இலை மறைத்த இடத்தில் உள்ள உப்பு தண்ணீரில் அலசும்போது கரைந்துபோகும், அங்கே வெள்ளை தங்கும். தடித்த இலை வெறும் வெள்ளை உருவமாக விழுந்தது. மெல்லிய இலையில் நரம்புகூடத் தெரிந்தது. கண்ணாடி வைத்து அழுத்தாத இலையின் ஓரம் மங்கிவிட்டது. அது ஏன் என்று பெரியவள் தானே கண்டுபிடித்து, அடுத்த தாளுக்குக் கண்ணாடியைத் துடைத்து எடுத்துவந்தாள். சின்னவன் தன் கையை வைத்தான். கை சும்மா இருந்தால்தானே! ஆறேழு விரலோடு ஒரு பேய்க்கை விழுந்தது. இன்றைய படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஜூன் 11, புதன்

மழை. மரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பாட்டு நின்றால் சிலையாகும் ஆட்டம், அப்புறம் சண்டை, அப்புறம் தூக்கம்.

ஜூன் 14, சனி

திடலில் மற்ற வீட்டுப்பள்ளிக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வரை பிள்ளைகள். முதலில் பெரியவர்கள் நாங்கள் ஆட்டம் நடத்தினோம். வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஓடவிட்டால் பாதிப்பேர் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஐந்து முதல் பதினேழு வயதுக்காரர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடியோட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வரிசையில் நிற்பது அந்தக் கணக்கில் வராது. தொட்டால் அவுட் என்ற ஆட்டங்களும் அப்படித்தான். ஓட்டம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான் முதலில் வெளியே உட்காரும். அதனால் தொடப்பட்டவர் சிலையாக நிற்க, கூட்டாளி கால்களுக்கிடையே ஊர்ந்து விடுவிக்கும் ஆட்டத்துக்கு மாறினோம். அதில் யாரும் வெளியேறுவதில்லை.

அதன் பிறகு ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போனது. சின்னவனை "ஒப்புக்குச் சப்பாணி" என்று ஒதுக்கினார்கள். அவன் ஒப்பவில்லை. "என்னைத் தொட்டாலும் நான் நிக்கணும்! நானும் உண்மையா ஆடுறேன்!" ஆட்டம் நின்று பஞ்சாயத்து தொடங்கியது. ஆடிய நேரத்தைவிட வாதாடிய நேரம் அதிகமோ என்று இருந்தது. ஒரு தாய் எழப் போனார், உட்காரச் சொன்னோம். கடைசியில் தீர்ப்பு: அவனை இரண்டு முறை தொட்டால்தான் சிலை, கூடவே, அவன் ஊர்ந்து வராமல் கையால் தொட்டே விடுவிக்கலாம். அடுத்த ஆட்டத்தில் அவன் எந்த அணி என்பதற்கே போட்டி.

பிள்ளைகள் தனித்து, அருகருகே, பிறகு கூடி ஆடும் விதங்களை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே வகைப்படுத்தி எழுதினார். மரத்தையும் நீலத்தாளையும் என்னால் வீட்டில் தர முடியும். இந்தப் பஞ்சாயத்தைத் தர முடியாது. நான் விட்டுக்கொடுப்பேன், அல்லது அதட்டுவேன். இரண்டிலும் பேரம் இல்லை. "பிள்ளைகள் நாலு பேரோடு பழக வேண்டாமா?" என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

ஜூன் 18, புதன்

மரத்தில் புதுத் துளிர், செம்பு நிறத்தில். இலைச்சாற்றை வடிதாளில் ஏற்றி நிறங்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். பெரியவளுக்கு வேறு வேலை இருந்தது: எறும்பு வரைந்த பக்கத்துக்கு எதிரே சனிக்கிழமை விதிகளை எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இயற்கைக் குறிப்பேட்டில் ஆட்ட விதி எதற்கு என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன்.

சின்னவனுக்கு இப்போது அந்த இரண்டு தொடுதல் சலுகை வேண்டாமாம், வேகமாக ஓடுகிறானாம். ஆனால் கையால் விடுவிக்கும் உரிமை மட்டும் வேண்டுமாம். "அதை அவங்ககிட்ட கேளு" என்றேன். "அக்கா ஒத்துக்க மாட்டா" என்றான். அக்கா தலை நிமிராமலே, "மாட்டேன்" என்றாள்.