படத்தின் ஓரங்கள்

ஜனவரி 4, 2015, ஞாயிறு. ஈரோடு

போன ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் எடுத்த படங்களின் பிரிண்ட் ஒருவழியாக வந்துவிட்டது. இப்போது கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடுகிறது, அக்டோபரில் ஆரம்பித்தார்கள். நான் போனபோது பளை வரைக்கும்தான் ரயில், அதற்கு மேல் பஸ். சண்டைக் காலத்தில் போர்முனையாக இருந்த முகமாலை அந்த வழியில்தான் வரும். ரோட்டோரம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள், அதற்குப் பின்னால் ஷெல் விழுந்து தலை போன பனைகள்.

சென்னைப் பத்திரிகை ஆசிரியர் முதலில் கேட்டது அந்தப் பனைகளைத்தான். அப்புறம் கூரை போன வீடு, குண்டு துளைத்த சுவர். கேட்டதை எல்லாம் அனுப்பிவிட்டேன். ஆனால் நான் அங்கே அதிக நேரம் நின்றது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பண்ணைக் கடலோரத்திலும்தான். சண்டை ஓய்ந்து ஐந்து வருடமான ஊரில் ஜனங்கள் காலையில் எழுந்து எங்கே போகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், பிள்ளையை எப்படிப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள் என்பதை யாராவது எடுத்து வைக்க வேண்டும். இடிந்த சுவரைப் பார்த்தால் குண்டு விழுந்தது தெரியும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் படங்களைப் பிரித்து வைத்தேன். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். திரும்பி வந்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு படத்தில் ஒருவர் தன் வீட்டு முன்வாசலுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். பின்கட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே வேப்பமரம் வளர்ந்து நிற்கிறது. பத்திரிகைக்கு வேப்பமரம் பிடிக்கும். எனக்கு அந்த பிரஷ் பிடித்த கை வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன, ஒன்றை வெட்டினால் மற்றது பொய்யாகிவிடும்.

ஜனவரி 9, வெள்ளி. பவானிசாகர்

இங்கே இருக்கும் இலங்கை அகதிகள் முகாமுக்குள் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். எடுப்பதற்காக நான் போகவில்லை, காட்டுவதற்காகப் போனேன். கேமரா வீட்டிலேயே இருந்தது.

முகாமுக்கு வெளியே அணை ரோட்டு டீக்கடையில் டிவியைச் சுற்றிக் கூட்டம். நேற்று இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல், விடிவதற்குள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தோற்றது உறுதியாகிவிட்டது. யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. "பார்ப்பம்" என்றார் ஒருவர், அவ்வளவுதான்.

பெஞ்சில் படங்களைப் பரப்பினேன். கீரை விற்கும் அம்மாவின் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது, வெளிச்சம் அவர் முகத்தில் அப்படி விழுந்திருந்தது. அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை! எல்லார் விரலும் ஓரத்துக்குப் போனது. பின்னால் நின்ற மினிபஸ்ஸின் முன்கண்ணாடியில் இருந்த ஊர்ப்பெயரை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொருவர் வேலியைப் பார்த்து, "இப்ப கிடுகு கட்டுறேல்லையோ, எல்லாம் தகரமோ" என்று கேட்டார். முக்கால்வாசி மறைந்திருந்த ஒரு கடையின் பெயர்ப்பலகைக்காக இரண்டு பேருக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது.

வலிகாமம் வடக்குக் கடலோர ஊரான மயிலிட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடைசி வரை பேசாமல் இருந்தார். 1990 ஜூனில் ஊரைவிட்டுக் கிளம்பியவர். அணையில் மீன் பிடிப்பவர்களுக்குக் கிழிந்த வலையைத் தைத்துக் கொடுக்கிறார். நைலான் நூல் அறுத்து அறுத்து வலது ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. அந்த விரலைச் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் படத்தின் மேல் வைத்தார். தகரக் கொட்டகை வரிசை, ஒரு பைப், குடங்கள்.

"இதுவும் முகாம்தானே தம்பி?"

"ஆமாங்க ஐயா. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் கிளம்பினவங்கதான். இன்னும் அங்கேயே இருக்காங்க."

"அப்ப எங்கட சனம்." கொஞ்ச நேரம் கழித்து, "மயிலிட்டிப் படம் ஒண்டும் இல்லையோ?" என்றார்.

மயிலிட்டி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது, அங்கே யாரையும் விடுவதில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். கடல் கடந்து வந்தவருக்கும் கடல் தாண்டாதவருக்கும் இருபத்தைந்து வருடமாக ஒரே தகரக் கூரை. இதை எந்த இடிபாட்டுப் படத்தாலும் காட்டிவிட முடியாது.

ஜனவரி 11, ஞாயிறு

சண்டை நடந்த வருடங்களில் அங்கேயே இருந்து எழுதியவர்களையும் படம் எடுத்தவர்களையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் நிமலராஜனை 2000 அக்டோபரில் அவர் வீட்டிலேயே கொன்றார்கள். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். நான் எல்லாம் முடிந்த பிறகு ரிட்டர்ன் டிக்கெட்டோடு போனவன். அவர்களுடைய நெகட்டிவ்களும் பழைய இதழ்களும் எங்கெங்கே இருக்கின்றனவோ, அவற்றைக் காப்பாற்றுவது என் படம் அச்சாவதைவிட முக்கியம்.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப் பொங்கல். மாமா தோட்டத்தில் இருந்தேன். வேலை எதுவும் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு. பவானிசாகர்

பெரியவரின் பேத்தி வந்திருந்தாள், சத்தியமங்கலத்தில் காலேஜ் படிக்கிறாள். பேச்சைக் கேட்டால் கோபிக்காரப் பெண் என்றுதான் சொல்வோம். தாத்தா பார்த்த எதையும் அவள் பார்க்கவில்லை. ஸ்கூட்டியில் போகும் இரண்டு பெண்களின் படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அங்க பொண்ணுங்க சாதாரணமா வண்டி ஓட்டுவாங்களாங்ணா?"

"சைக்கிள், ஸ்கூட்டி எல்லாம் ஓட்டுவாங்க அம்மிணி. காலையில ரோடு பூரா அவங்கதான்."

"அப்ப நான் போனாலும் ஓட்டலாம்." அவளுக்குத் தெரிந்த யாழ்ப்பாணம் முழுக்கத் தாத்தா சொன்னது, அதில் கிணறும் பனையும் ஷெல்லடியும் உண்டு. அவள் வயதுப் பெண் ஒருத்தி இன்றைக்கு அங்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போவது அதில் இல்லை. அந்தப் படத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன். புன்செய்ப் புளியம்பட்டி

மாட்டுச் சந்தையைப் படம் எடுக்க வந்தேன். நடுவில் ஆசிரியர் போன் செய்தார். நாலு பக்கம் தருகிறாராம், பனைப் படம் பெரிதாக, மற்றவை சின்னதாக. சின்னதாக இருந்தாலும் சரி, ஓரத்தை வெட்டக்கூடாது என்றேன். இடம் போதாது என்றார். அப்படியென்றால் இரண்டு படத்தை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை முழுதாகப் போடுங்கள் என்றேன். பத்து நிமிடம் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டார்.

குறிப்புகளையும் திருத்தி அனுப்புகிறேன். 'போருக்குப் பின் யாழ்ப்பாணம்' என்று பொதுவாகப் போடுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எந்த வீதி, எந்தச் சந்தி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, என்ன தேதி, காலையா மாலையா, எல்லாம் வரும். சுன்னாகம் படத்தை அடுத்த வாரம் பெரிதாக பிரிண்ட் போட்டுப் பெரியவரிடம் கொடுக்க வேண்டும். குடத்தோடு நிற்கும் பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.