ஒன்பது பாட்டு, ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மும்பை சிஎஸ்எம்டி நிலையத்தில் ஹார்பர் லைன் மின்சார ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், செம்பூர் வருவதற்குள் ஒன்பது பாட்டு கேட்டுவிடலாம். பழைய சினிமாப் பாட்டு ஒவ்வொன்றும் நாலு, நாலரை நிமிடம். என் வார இறுதிப் பட்டியலின் நீளம் இப்படித்தான் முடிவானது. வாரம் முழுக்கச் சேர்த்ததை அந்த வண்டியில் ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்ப்பேன். வரிசை சரியில்லை என்றால் மாற்றுவேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பத்து மணிவாக்கில் ஆறு பேருக்கு அனுப்புவேன். சனி, ஞாயிறு அவர்கள் கேட்பார்கள்.

ஆறு பேர் என்றால்: ஜிடிபி நகரில் இருக்கும் என் அத்தை, பன்வேலில் இருக்கும் தம்பி, அலுவலகத்தில் இரண்டு பேர், கல்லூரி நண்பன் ஒருவன், அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கு. மராத்தியில் காக்கு என்றால் சித்தி. காக்கு மராத்திக்காரர், எழுபதைத் தாண்டியவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஆறு பேரில் மிகக் கவனமாகக் கேட்பவர் அவர்தான்.

நாலு வருடத்துக்கு முன்பு நான் அனுப்பிய முதல் பட்டியல் மழைப் பாட்டுகள். நாற்பத்திரண்டு பாட்டு. ஜூன் மாதம், மும்பையில் மழை கொட்டுகிறது, எல்லோரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் ஆறு பாட்டைத் தாண்டவில்லை. அத்தைதான் போன் போட்டுச் சொன்னாள்: "எய்யா, இம்புட்டுப் பாட்டையும் அனுப்பிட்ட, சரி. நான் அதுல என்னத்தத் தேடணும்னு சொல்லலியே?"

அந்தக் கேள்வியை நான் விடவில்லை. அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு பட்டியலுக்கும் மேலே ஒரு கேள்வி எழுதுகிறேன். காது ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டால் நூறு தடவை கேட்ட பாட்டுகூடப் புதுசாகிவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று.

சொல் விளையாட்டு வாரம் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. முதல் பாட்டு 'அத்திக்காய் காய் காய்', 1962இல் வந்த 'பலே பாண்டியா'. கண்ணதாசன் எழுதியது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ், ஜமுனா ராணி என்று நாலு குரல். கேள்வி: எந்தக் காய் சமையலுக்கு ஆகும், எந்தக் காய் ஆகாது?

சின்ன வயதில் இதைக் காய்கறிப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். மெதுவாகக் கேட்டால்தான் பிடிபடும். அங்கே பேசுவது நிலாவோடு. காய் என்பது நிலவு காய்வது. 'அத்திக்காய்' என்றால் அந்தத் திக்காகப் போய்க் காய். 'இத்திக்காய்' என்று ஒரு மரத்தின் காய் மாதிரி ஒலிக்கிற சொல்லை உடைத்தால், இந்தத் திக்கு. இங்கே காயாதே, நீயும் என்னைப் போல் ஒரு பெண்தானே என்று நாயகி நிலாவிடம் கெஞ்சுகிறாள். ஒரே சொல் தட்டில் காயாகவும் வானத்தில் வெளிச்சமாகவும் இருக்கிறது. தம்பி பாட்டு வரிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் பொருள் குறித்து, படம் எடுத்து அனுப்பினான். அதோடு 'பட்டினப் பிரவேசம்' படத்தின் 'வான் நிலா நிலா அல்ல', 'அவன்தான் மனிதன்' படத்தின் 'அன்பு நடமாடும்' இரண்டையும் சேர்த்திருந்தேன். ஒன்றில் அடிகள் 'லா'வில் முடியும், மற்றதில் 'மே'யில். மூன்றும் கண்ணதாசன்தான். அடுத்தடுத்துக் கேட்டால் அவர் எழுத்தையே தாளமாக வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

ஆனால் நான் மறக்காத வாரம் நான்கு ஸ்வர வாரம்.

ஒரு ராகத்துக்குக் குறைந்தது ஐந்து ஸ்வரமாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாலமுரளிகிருஷ்ணா நாலே ஸ்வரத்தில் 'மகதி' என்று ஒரு ராகம் உண்டாக்கினார். ச, க, ப, நி. அவ்வளவுதான். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்கு எம்.எஸ்.வி. அந்த ராகத்தை எடுத்து 'அதிசய ராகம்' போட்டார். யேசுதாஸ் பாடினார். பட்டியலின் முதல் பாட்டு அது. இரண்டாவது, பாலமுரளியே பாடிய 'தங்கரதம் வந்தது', 1964இல் வந்த 'கலைக்கோவில்' படத்தில். அது ஆபோகி, ஐந்து ஸ்வரம், அதில் பஞ்சமமும் நிஷாதமும், அதாவது ப, நி, கிடையாது. மூன்றாவது 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வரணம்', மோகனம். இப்படி ஸ்வரம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். கடைசியில் 'சிந்து பைரவி' படத்தின் 'கலைவாணியே'. கல்யாணியின் ஏழு ஸ்வரமும் உண்டு, ஆனால் இளையராஜா ஆரோகணத்தை மட்டும் வைத்து அதை அமைத்தார். மெட்டு ஏறும், ஏறி முடிந்ததும் விட்டுவிட்டு மறுபடி கீழிருந்து ஏறும். கேள்வி: எந்த இடத்தில் உங்கள் காது ஏதோ குறைகிறது என்று சொல்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இருந்த காலத்தில் கோலிவாடா கோயில் பஜனைக்கு வாசித்த ஆர்மோனியம் ஒன்று அங்கே உண்டு. வழக்கமாக அதன்மேல் மடித்த துணிகள்தான் இருக்கும். அன்றைக்குத் துணியெல்லாம் கட்டிலில் கிடந்தது. ஆர்மோனியம் திறந்திருந்தது. நாலு கட்டைகளின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மூன்று வெள்ளைக் கட்டை, ஒரு கறுப்புக் கட்டை.

"பாட்டப் போடு" என்றாள்.

போட்டேன். யேசுதாஸ் குரல் நகர நகர அத்தை விரல் பொட்டிலிருந்து பொட்டுக்குப் போனது. துருத்தியை அழுத்தவில்லை, சத்தம் வரவில்லை, விரல் மட்டும். பல்லவி முழுக்க அந்த நாலு பொட்டுதான். பொட்டு இல்லாத கட்டைக்குத் தவறிப்போய்க்கூட ஒருமுறை விரல் போகவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசிச் சரணம் வந்தது. அங்கே காதலியை மிதிலையின் மைதிலி, காவிரி மாதவி என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போய் பைரவி என்று முடிக்கும் இடம். படத்தில் கதாநாயகி பெயரும் பைரவி. அங்கே ராகமும் பைரவிக்குப் போய்விடுகிறது. அத்தை விரல் முதல்முறையாகப் பொட்டை விட்டு விலகிப் பக்கத்துக் கட்டையில் நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தா, கதவு தொறந்துட்டு" என்றாள்.

தம்பி அன்று இரவே கிதாரில் அந்த நாலையும் ஒன்றாக மீட்டி, பதிந்து அனுப்பினான். மாமாவின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி வைத்தால் ச, க, ப, நி நாலும் சேர்ந்து மேற்கத்திய இசையில் சி செவன்த் கார்டு. கிதார் படிக்கிற பிள்ளைகள் முதல் மாதத்தில் கற்கும் கார்டு. ஒரே நேரத்தில் அடித்தால் கார்டு, ஒவ்வொன்றாகப் பாடினால் மகதி. கிதாரில் அந்த கார்டு எப்போதும் அடுத்து எங்கேயோ போகவேண்டும் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். பாலமுரளி அதற்குள்ளேயே தங்கி ஒரு ராகம் கட்டியிருக்கிறார். இதைத் தம்பி சொன்ன பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

பொட்டு இன்னும் அந்த ஆர்மோனியத்தில் ஒட்டியிருக்கிறது.

வரிசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதல் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும். மூன்றாவது, நான்காவதில் கஷ்டமானதை வைக்கலாம், அப்போது வண்டியும் காட்டன் கிரீன், சிவ்ரி பக்கம் கொஞ்சம் ஓய்வாகப் போகும். எட்டாவது பாட்டு குர்லாவில் ஏறி இறங்கும் சத்தத்தில் அடிபடும். அதனால் அங்கே மனப்பாடமான ஒன்றைப் போடுவேன். கடைசிப் பாட்டில் முடிந்தவரை வார்த்தை இருக்கக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு குர்லா எதற்கு என்று நண்பன் கேட்டான். ஆனாலும் அந்த ஏற்ற இறக்கம் அவர்களுக்கும் பொருந்துகிறது.

பாட்டுச் செயலிகளை மட்டும் நம்பக்கூடாது. நான் பயன்படுத்தும் செயலியில் ஒரு வாரம் ஒன்பதில் இரண்டு பாட்டு திடீரென்று சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது. இன்னொரு வாரம் 1978ஆம் வருடப் பாட்டுக்குப் பதில் யாரோ புதிதாகப் பாடியது வந்துவிட்டது. அதிலிருந்து பாட்டு, படம், வருடம், பாடியவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே அனுப்புகிறேன். கவனிக்கவேண்டிய இடம் எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்த்து.

அந்த 1978ஆம் வருடப் பாட்டு 'சிட்டுக்குருவி' படத்தின் 'என் கண்மணி'. எஸ்.பி.பி.யும் சுசீலாவும். ஒருவர் பாடி முடிக்குமுன் மற்றவர் நுழைந்து, இரண்டு மெட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். நடுவில் பேருந்து நடத்துநர் தேனாம்பேட்டை சூப்பர் மார்க்கெட் என்று இறங்கச் சொல்வார். அதை நான் திரும்பக் கேட்டது மெகா பிளாக் நாளில். ஹார்பரில் வண்டி இல்லை. செம்பூரிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே போனேன். காதில் தேனாம்பேட்டை, ஜன்னலுக்கு வெளியே சயான். அதோடு 'பகல் நிலவு' படத்தின் 'பூமாலையே'வையும் வைத்தேன், இளையராஜாவும் ஜானகியும். காக்குவுக்கு மட்டும் தனிக் கேள்வி: ஆண் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முடியுமா? வார்த்தை தெரியாததால் அவருக்கு அது எங்களைவிட சுலபமாக இருந்ததாம். நாங்கள் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு மெட்டை விட்டுவிடுகிறோம்.

காக்கு எங்களுக்குத் திருப்பிக் கொடுத்த வாரமும் உண்டு. 1977இல் அமெரிக்கா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒரு பாட்டு. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய 'ஜாத் கஹாங் ஹோ', மூன்றரை நிமிடம். கோவாவில் கேரி கிராமத்தில் பிறந்து மும்பையில் வாழ்ந்தவர். வாயேஜர் ஒன்று செப்டம்பர் 5ஆம் தேதி கிளம்பியது, அவர் அதே மாதம் 16ஆம் தேதி காலமானார். காக்குவின் அப்பா கேசர்பாயை நேரில் கேட்டவர். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து காக்கு அந்தப் பாட்டின் முதல் அடியை மெல்லப் பாடிக் காட்டினார். "எங்கே போகிறாய் என்று கேட்கிற பாட்டை, திரும்பி வராத வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அதே தட்டில் ஐம்பத்தைந்து மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. அந்த வாரக் கேள்வி எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது: தமிழுக்கு ஒரு மூன்றரை நிமிடம் கிடைத்தால் எதை அனுப்புவீர்கள்?

கேசர்பாய்க்கு அடுத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வைத்தேன், தட்டில் இருக்கும் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் ஒரு பகுதி. பார்ட்டிட்டா என்றால் பல பகுதிகள் சேர்ந்த ஓர் இசைத் தொகுப்பு. அதை அடுத்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', பாக்கை வீட்டில் சந்தித்த அந்த இசை. அதில் அவர் எடுத்துக்கொண்டதும் அதே மூன்றாவது பார்ட்டிட்டாதான், அதன் முதல் பகுதி. ஒரே பூவின் இரண்டு இதழ்: ஒன்று விண்வெளியில், ஒன்று நம் ஊரில். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தம்பியை எழுப்பிச் சொன்னேன்.

தமிழுக்கு எதை அனுப்புவது என்பதற்கு அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கே மூன்று நிமிடம் சொச்சம்தான், அதனால் வெட்டவேண்டிய வேலைகூட இல்லை. ஒரு தட்டின் ஒரு பக்கம், அப்படியே ஏற்றலாம். அலுவலக நண்பர் ஒருவர் தன் அம்மா பாடிய தாலாட்டை அனுப்பினார். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். பட்டியலில் அதையும் சேர்த்தேன், ஒன்பதாவதாக. கடைசியில் வார்த்தை இருக்கக்கூடாது என்ற என் விதியை அன்றும் மீறினேன்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு மறுபடி மழை. இந்தத் தடவை ஒன்பதுதான். மழையை அழைக்கும் ராகம் என்று சொல்லப்படும் அமிர்தவர்ஷினியில் தொடங்குகிறேன், 'தூங்காத விழிகள் ரெண்டு'. அதற்கு ஜோடியாக வடக்கிலிருந்து மழை ராகமான ஒரு மியான் கி மல்ஹார் தேடித் தருவதாகக் காக்கு சொல்லியிருக்கிறார். கேள்வியை இன்னும் எழுதவில்லை. அத்தையிடம் கேட்டேன். துருத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, எந்தக் கட்டையில் பொட்டு ஒட்டவேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னாள்.